நாற்காலிக்கு மீசை வைத்தவர்

ஒரு தாய்மாமனை நாற்காலியாக வரைந்து, அதைப் பதினாறு அடிக்குப் பிரிண்ட் போட்டு, அந்தத் தாய்மாமன் வாங்கிக் கொடுத்த டீயையும் குடித்துவிட்டு முழு உடம்போடு வீடு திரும்பிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் பெரம்பலூர்க்காரர் இல்லை. அரியலூர்க்காரரும் இல்லை. போலந்துக்காரர். எங்கள் பிளெக்ஸ் கடையில் அவருக்குப் பெயர் ஒத்தப்படம்.

சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. எங்கள் முதலாளி மாணிக்கம் அண்ணன் அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். இரண்டு தடவையும் பாதியில் தும்மல் வந்துவிட்டது. "எத்தன ஆள் போட்டோ வந்தாலும் ஒரே ஒரு படம் போதும்னு நிக்கறாரு. ஒத்தப்படம்னே கூப்புடுவோம்மா" என்றார். அவரும் மறுப்புச் சொல்லவில்லை. மறுத்திருந்தாலும் எங்களுக்குப் புரிந்திருக்காது.

நான் எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்துவிட்டு அந்தக் கடையில் மெஷின் ஆபரேட்டராகவும் டிசைனராகவும் இருந்தேன். எதையும் வரிசை போட்டு எழுதி வைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பேனர் விதிகளைக்கூட எழுதி மெஷினுக்கு மேலே ஒட்டியிருந்தேன். தாய்மாமன் முகம் அப்பா முகத்தைவிடச் சிறுத்திருக்கக் கூடாது. இறந்தவராக இருந்தாலும் சிரித்த போட்டோதான் வேண்டும். காதில் செல்போன் வைத்த போட்டோ கொடுத்தவருக்குப் பின்னால் கட்டாயம் மேகம் போட வேண்டும். எந்த முகம் விட்டுப்போனாலும் பழி ஆபரேட்டருக்கே. நான்காவது விதியை இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தேன்.

இந்தக் கடைக்குள்தான் அவர் ஒரு நாள் காலையில் நுழைந்தார். அவருடைய மகள் கல்லாகிப்போன கடல் சிப்பிகளை ஆராய்ச்சி செய்பவர். அதற்காக ஆறு மாதம் அரியலூரில் வீடு எடுத்திருந்தார். மனைவி இறந்து தனியாக இருந்த அப்பாவையும் கூடவே கூட்டி வந்துவிட்டார். இரண்டு நாள் மகளோடு வெயிலில் சிப்பி பொறுக்கிய அப்பா, மூன்றாம் நாள் பெரம்பலூர் பஸ்ஸில் ஏறிவிட்டார். ஜன்னலோர சீட். வழியெல்லாம் சிமெண்ட் லாரி. எங்கள் வாசலில் வந்து நின்றபோது புருவம் வரைக்கும் வெள்ளை. அண்ணன் அவரை ஏதோ சிலைக்கு ஆர்டர் கொடுக்க வந்தவர் என்று நினைத்து, "சிலை பக்கத்துக் கடைங்க" என்றார்.

உள்ளே ஒரு புதுமனைப் புகுவிழா பேனர் ஓடிக்கொண்டிருந்தது. இருபது அடி நீளம், நாற்பத்தொரு முகம். மெஷினிலிருந்து முகம் முகமாக இறங்குவதை அவர் மூன்று மணி நேரம் நின்று பார்த்தார். நடுவில் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. முடிந்ததும் என்னிடம் ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதில் வீடு எங்கே?"

தேடினேன். வீடு இல்லை. முகங்களுக்கு இடம் போதாமல் நான்தான் முந்தின நாள் எடுத்திருந்தேன்.

அன்று சாயங்காலத்துக்குள் அவர் கதை முழுவதும் தெரிந்துவிட்டது. எனக்கு அரை ஆங்கிலம், அவருக்கு அரை ஆங்கிலம்; சேர்த்தால் ஒன்று வந்தது. வார்சாவில் படித்தவர். முப்பது வருஷம் போஸ்டர் மட்டுமே வரைந்து சாப்பிட்டவர். முதல் போஸ்டர் சர்க்கஸுக்கு. அதில் யானை கிடையாதாம். யானையின் கால் தடம் ஒன்று, அந்தத் தடத்துக்குள் சர்க்கஸ் கூடாரம். அவ்வளவுதான். நாடகம், சினிமா எல்லாவற்றுக்கும் அப்படித்தான். ஒரு படம், கையால் எழுதிய நாலு எழுத்து.

"சினிமா போஸ்டர்ல நடிகர் மூஞ்சியே இருக்காதாண்ணே" என்று மொழிபெயர்த்தேன்.

அண்ணன் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டார். "அப்பறம் படம் எப்புடிம்மா ஓடும்?"

ஓடியதாம். பிறகு அங்கேயும் கம்பெனிகள் வந்தன. பல் தெரியச் சிரிக்கும் பெரிய பெரிய முகங்களைக் கேட்டன. அவரால் பல் வரைய முடியவில்லை. அவருடைய போஸ்டர்கள் மியூசியத்துக்குப் போய்க் கண்ணாடிக்குள் நின்றுகொண்டன. கடைசியாக அவர் வரைந்தது ஒன்று தெருவில் தொங்கிப் பதினெட்டு வருஷம் ஆகிறது என்றார். சொல்லும்போது கையை விரித்துக் காட்டினார், ஏதோ மீன் நழுவிப்போன மாதிரி.

அவருக்குச் சம்பளம் வேண்டாம். விசாவும் அதற்கு இடம் தராது. ஒரு மேஜையும் டீயும் கொடுத்தால் போதும். ஊருக்குத் திரும்புவதற்குள் தன் போஸ்டர் ஒன்றே ஒன்று, இந்த மாவட்டத்தில் ஏதாவது ஒரு தெருவில் தொங்க வேண்டும். தாராளமாகக் கட்டலாம் என்ற அண்ணன், ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். சும்மா கட்டக் கூடாது. நிஜ கஸ்டமர் ஒருவர் பார்த்து, பிடித்து, தன் விசேஷத்துக்குக் கட்ட வேண்டும். ஒத்தப்படம் அதை உடனே ஒப்புக்கொண்டார். யாரும் கேட்காமல் ஒட்டுவது போஸ்டர் இல்லை, கிறுக்கல் என்றார்.

முதலில் சிக்கியது பூலாம்பாடிக்காரர் ஒருவரின் காதணி விழா. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவோம் என்று நான் விளக்கியிருந்தேன். அது என் தவறு. மறுநாள் மேஜை மேல் ஒரு நாற்காலி இருந்தது. இரண்டு கைப்பிடியும் குழந்தையை அணைக்கிற மாதிரி வளைந்திருந்தன. முதுகுப் பலகையில் முறுக்கிய மீசை. அண்ணன் ஊரில் இல்லாத நேரம், கஸ்டமரும் "நீங்களே பாத்து நல்லா பண்ணிடுங்க" என்று போனில் சொல்லியிருந்தார். பிரிண்ட் போட்டுவிட்டேன்.

பேனரை எடுத்துப்போகத் தாய்மாமனே வந்தார்.

"இது யாருங்க?"

"தாய்மாமன்" என்றார் ஒத்தப்படம், தெளிவான தமிழில். அவர் கற்ற முதல் வார்த்தை அதுதான்.

"நானா?"

"தாய்மாமன்."

"ஏம்ப்பா மாணிக்கம், என்னைய நாக்காலிங்கறாரா இந்தப் பெரியவரு?"

அப்போதுதான் பஸ் இறங்கி வந்த அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். மடி, குழந்தை, பாசம் என்று நான் மூச்சு விடாமல் விளக்கினேன். தாய்மாமன் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு தன் மீசையைத் தொட்டுப் பார்த்தார்.

"மீசை நம்ம மீசைதான். நல்லாத்தான் இருக்கு. ஆனா நாக்காலி காலியா கெடக்குதே. அதுல நான் உக்காந்திருக்கற மாதிரி வெச்சிடும்மா. சுத்தி நம்ம ஆளுங்க ஒரு முப்பத்தெட்டு பேரு. சாருக்கு ஒரு டீ சொல்லு."

அப்படியே ஆயிற்று. தாய்மாமன் தன் மேல் தானே உட்கார்ந்திருக்கும் பேனர் பூலாம்பாடியில் தொங்கியது. மீசை அவர் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. ஒத்தப்படம் டீயைக் குடித்தபடி, "இது என் போஸ்டர் இல்லை" என்று அமைதியாகச் சொன்னார்.

அடுத்தது கல்யாணம். ரஞ்சன்குடிப் பக்கத்து மாப்பிள்ளை. இதில் அவர் வரைந்தது உண்மையிலேயே அழகு. ஒரு வாசற்படி. படிக்குக் கீழே இரண்டு ஜோடி செருப்பு. பெரியது ஒன்று, சிறியது ஒன்று, ஒன்றின் மேல் ஒன்று லேசாகச் சாய்ந்திருக்கிறது. இரண்டு பேர் ஒரே வீட்டுக்குள் போயிருக்கிறார்கள். மாப்பிள்ளை பார்த்து, "செமையா இருக்குக்கா" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அந்தக் குலுக்கல் முடிவதற்குள் அவன் அப்பா உள்ளே வந்தார்.

"கல்யாண பேனர்ல செருப்பா! எவன்டா அவன், என் மவன் கல்யாணத்துக்குச் செருப்பு போட்டவன்?"

தன்னைத்தான் தேடுகிறார், பாராட்டப் போகிறார் என்று நினைத்து ஒத்தப்படம் எழுந்தார். இரண்டு கையையும் கூப்பினார். "வருக வருக!" என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் தமிழ் முழுவதையும் எங்கள் பேனர்களிலிருந்து மட்டுமே கற்றுக்கொண்டிருந்தார். யார் வந்தாலும் 'வருக வருக'. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் 'கண்ணீர் அஞ்சலி'. பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை கேட்டால் 'நல்லாசியுடன்'. எனக்கு ஒரு வாரம் சளி பிடித்திருந்தபோது தினமும் காலையில் எனக்குக் கண்ணீர் அஞ்சலி செலுத்திவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்.

மாப்பிள்ளையின் அப்பா திட்டினார். ஒத்தப்படம் "அன்புடன் அழைக்கிறோம்" என்றார். மறுபடியும் திட்டினார். "சுற்றமும் நட்பும் சூழ" என்றார். அதற்கு மேல் ஒரு மனிதர் எவ்வளவு நேரம்தான் திட்டுவார்? "யோவ் மாணிக்கம், இவரு யாருய்யா, திட்டத் திட்டப் பத்திரிக வெக்கறாரு" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கிவிட்டார். ஆனால் செருப்பு போகவில்லை. அதாவது பேனருக்குப் போகவில்லை. மாப்பிள்ளையின் நண்பர்கள் இருபத்தாறு பேர் கூலிங் கிளாஸோடு போனார்கள்.

மூன்றாவது முறை கிட்டத்தட்ட ஜெயித்துவிட்டார். பால்காரர் ஒருவர் தவறிவிட்டார். மகன் அஞ்சலி பேனர் கேட்டு வந்தான். ஒத்தப்படம் ஒரு சைக்கிள் வரைந்தார். சுவரில் சாய்ந்திருக்கிறது, பின்னால் பால் கேன், ஆள் இல்லை.

"அப்பா எங்கங்க?" என்றான் மகன்.

"இல்லை" என்றார் ஒத்தப்படம்.

அவன் குனிந்து, சைக்கிளின் பின்சக்கரத்தை விரலால் தொட்டான். "எங்கப்பா சைக்கிளேதான். ஸ்டாண்டு ஒடஞ்சி, இப்புடித்தான் செவுத்துல சாச்சு வெப்பாரு" என்றான். பிறகு தலையைச் சொறிந்தான். "ஆனா சித்தப்பா ஒத்துக்க மாட்டாருங்க. அவரு போட்டோவும் கீழ வரணும்னு சொல்லியிருக்காரு." சைக்கிள் படத்தைச் சுருட்டித் தன் வீட்டுக்கு எடுத்துப்போனான். தெருவில் சித்தப்பா தொங்கினார்.

அதோடு நான்கு மாதம் முடிந்தது. நான் ஒரு காகிதத்தில் 'மீதி நாள்' என்று எழுதித் தேதிகளை அடித்துக்கொண்டே வந்தேன். அவர் அதைப் பார்க்காத மாதிரி இருந்தார்.

ஆனால் இதற்குள் அவருக்கு வேறு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. முகப் பைத்தியம். யார் மேலே, யார் கீழே, யார் முகம் எத்தனை அங்குலம் என்று விசாரித்து விசாரித்துக் குறித்துக்கொண்டார். "எங்கள் ஊரிலும் அந்தக் காலத்தில் கட்சி ஊர்வலப் பேனரில் தலைவர்கள் வரிசையாக இருப்பார்கள். யார் முகம் போன வருஷத்தைவிடச் சிறுத்திருக்கிறது என்று பார்த்தால், யாருக்கு வேலை போகப்போகிறது என்று தெரிந்துவிடும்" என்றார்.

அதை மொழிபெயர்த்ததும் அண்ணன் துள்ளிவிட்டார். "இங்கயும் அதேதான்னு சொல்லும்மா! எவன் மூஞ்சி சிறுத்துதோ அவன் அடுத்த விசேசத்துக்கு வர மாட்டான்."

அதன் பிறகு அவர் போட்டோவைப் பார்த்து முகங்களைக் கையாலேயே வரையத் தொடங்கினார். ஐம்பத்திரண்டு பேர் கொண்ட ஒரு பிறந்தநாள் பேனர். ஐம்பத்திரண்டு பேரும் தனித்தனி ஆட்களாக உயிரோடு பார்த்தார்கள். பெரியப்பா கஞ்சன் என்பது கன்னத்திலேயே தெரிந்தது. "வெள்ளைக்கார சார் கையாலதான் என் மூஞ்சி வரணும்" என்று ஆட்கள் குன்னத்திலிருந்தெல்லாம் வந்தார்கள். ஊரில் பாதி முகம் அவர் கையால் தொங்கியது. அவர் மட்டும், "இது பேனர். போஸ்டர் இல்லை" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்.

மீதி நாள் பதினேழு என்று இருந்தபோது ஜமீலா அக்கா வந்தார். லப்பைக்குடிக்காடு. குடையை மடக்கிக் கதவோரம் வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எங்க வூட்டுக்காரரு வராரு. இருவத்திரெண்டு வருசம் கத்தாருல இருந்தாச்சு, இனிமே போவ மாட்டாரு. டீக்கடை போடறோம், இன்ஷா அல்லாஹ். அதுக்கு ஒரு பேனர் வேணும். மூஞ்சி மட்டும் ஒண்ணும் வேணாம்."

அண்ணனுக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று சந்தேகம். "ஒரு மூஞ்சிகூடவாங்க?"

"ஒண்ணும் வேணாம். கடைக்கு மேல ஆளு படம் தொங்கறது எங்க மாமிக்கு ஆவாது. ஒரே ஒரு படம் போடுங்க. பாத்தா டீக்கடைன்னும் தெரியணும், ஆளு ஊருக்கு வந்துட்டாருன்னும் தெரியணும்."

நான் மெல்லத் திரும்பிப் பார்த்தேன். பதினெட்டு வருஷமாக இப்படி ஒரு கஸ்டமருக்காகக் காத்திருந்தவர், யாரோ ஒருவருடைய பேனரில் நாற்பத்து மூன்றாவது முகத்துக்கு மூக்கு வைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:

"தாய்மாமன்?"

"டீக்கடைக்கு எதுக்கு சார் தாய்மாமன்? டீ ஆத்தறதுக்கா?" என்றார் ஜமீலா அக்கா.

நான் முழுவதையும் மொழிபெயர்த்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து போய்க் கை கழுவினார். திரும்பி வந்து, "முகமே வேண்டாமா?" என்று கேட்டார். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்த மாதிரிகூட இருந்தது. பஸ் பிடித்து அரியலூர் போனவர் நான்கு நாள் வரவில்லை.

ஐந்தாம் நாள் ஒரு குழாயில் சுருட்டிக் கொண்டுவந்தார். விரித்தோம். ஒரு டீ கிளாஸ். நுரை ததும்புகிறது. கிளாசிலிருந்து ஆவி வளைந்து வளைந்து மேலே போகிறது. போகப் போக அது ஆவி இல்லை, வானத்தில் விமானம் விட்டுவந்த வெள்ளைக் கோடு. உச்சியில் வளைந்து திரும்பும் அந்தக் கோட்டின் நுனியில் கட்டைவிரல் அளவு விமானம், கிளாசை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது. கீழே அவரே வரைந்த தமிழ் எழுத்தில் கடையின் பெயர்.

அண்ணன் கழுத்தைச் சாய்த்து விமானத்தையே பார்த்தார். "நல்லாருக்கு சார். ஆனா பிளேன் டீயில வுழுவுதே. ஆக்சிடெண்டுன்னு நெனச்சிட்டா?"

சொன்னேன். ஒத்தப்படம் நெற்றியில் அடித்துக்கொண்டார். தூரிகையை எடுத்து விமானத்துக்கு அடியில் இரண்டு புள்ளி வைத்தார். சக்கரம்.

ஜமீலா அக்கா வந்து பார்த்தார். கிளாசிலிருந்து கண்ணை மேலே கொண்டுபோய், விமானத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தினார். "சக்கரத்த எறக்கிட்டாரு. அப்ப வந்துட்டாரு" என்றார். அது சம்மதம் என்று எங்களுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

ஒரு சிக்கல் பாக்கி. கடை திறப்பு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து. ஒத்தப்படத்துக்குத் திருச்சியில் விமானம் அதே வெள்ளிக்கிழமை விடியற்காலை. வியாழக்கிழமையே கட்டிவிட முடியுமா என்று தயங்கிக் கேட்டேன். "எங்க வூட்டுக்காரரு புதன்கெழமையே வந்துடுவாரு. வியாழக்கெழம கட்டிக்கங்களேன். போஸ்டர் போட்டவரு பாக்காம ஊருக்குப் போறதா?" என்றார் அக்கா.

வியாழக்கிழமைக்கு ஒரு பட்டியல் போட்டிருந்தேன். எட்டு மணி பிரிண்ட், பத்து மணி சட்டம் அடித்தல், பதினொன்றுக்கு வேன். எட்டு ஐந்துக்கு நீல மை வரும் ஹெட் அடைத்துக்கொண்டது. வானம் வெளுத்துப்போய் இறங்கியது. ஹெட்டைக் கழற்றி, ஊசியில் திரவம் ஏற்றி, துளித்துளியாகச் சுத்தம் செய்தேன். மொத்தம் இரண்டு மணி நேரம். ஒவ்வொரு துளிக்கும் நான் வாய்க்குள் சாமியைக் கூப்பிட்டேன் என்று அண்ணன் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் துளிகளை எண்ணிக்கொண்டிருந்தேன், வேறு எதுவும் இல்லை.

பிற்பகல் மூன்று மணிக்குப் பேனர் லப்பைக்குடிக்காட்டில் ஏறியது. ஒத்தப்படம் எதிர்ப்பக்கம் போய், மளிகைக் கடை நிழலில் நின்றுகொண்டார். போஸ்டர் நன்றாக இருக்கிறதா என்பதற்கு ஒரே பரிசோதனைதான் உண்டாம்: நடந்துபோகிற ஆள் நிற்க வேண்டும். நான் காகிதமும் பேனாவும் எடுத்தேன்.

முதலில் ஒரு பைக் போனது, நிற்கவில்லை. அடுத்து ஒரு பெரியவர் நின்றார். கைலியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு போனார். "ஒன்று" என்றார் ஒத்தப்படம். "அது கைலிக்காக. சேராது" என்றேன். வாக்குவாதம் நடந்தது. பிறகு ஒரு ஆடு நின்றது. அதற்கும் வாக்குவாதம். அப்புறம் பள்ளிவிட்டுப் போன மூன்று பெண்பிள்ளைகள் நின்றார்கள், ஒருத்தி விரலால் ஆவியைப் பிடித்துக்கொண்டே மேலே போய், "ஏய், பிளேன்டி!" என்று கத்தினாள். மூன்று என்று எழுதினேன். ஒத்தப்படம் என் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தார். எழுபத்து நான்கு வயது.

அந்த நேரத்தில் ஜமீலா அக்காவின் கணவர் தொழுகை முடிந்து வந்தார். முந்தின நாள்தான் இறங்கியவர். கண்ணில் இன்னும் தூக்கம். பேனரைப் பார்த்தார்.

"இதுல நான் எங்க?" என்றார்.

"ஆளு படமே வேணாம்னு சொல்லித்தான் போட்டது" என்றார் அக்கா.

அவர் கிட்டே போனார். அண்ணாந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இல்லையே, இந்தா இருக்கேனே. மூணாவது ஜன்னல். ரெக்க மறச்சிருச்சு, அதான் மூஞ்சி தெரியல."

மொழிபெயர்த்தேன். ஒத்தப்படம் சாலையைக் கடந்து அவர் பக்கத்தில் போய் நின்று, தானும் அண்ணாந்து மூன்றாவது ஜன்னலைப் பார்த்தார். இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். இரண்டையும் சேர்த்து எழுதிக்கொண்டேன். இருட்டுவதற்குள் மொத்தம் பத்தொன்பது, ஆடு நீங்கலாக.

போலந்து போய்ச் சேர்ந்த மறுநாளே போனில் செய்தி: "இன்று எத்தனை?" அன்றிலிருந்து தினமும் அதே கேள்வி. ஜமீலா அக்கா சளைக்காமல் எனக்குக் குரல் பதிவு அனுப்புவார். "இன்னிக்கு ஒம்போது பேரும்மா. ஒருத்தரு டீயே குடிக்கல, பாத்துட்டு மட்டும் போயிட்டாரு, அவரையும் சேத்துக்க." நான் எண்ணைத் தட்டி அனுப்புவேன்.

ஐப்பசிக் காற்றில் அந்தப் பேனர் கிழிந்துவிட்டது. வியாபாரம் நன்றாக நடக்கிறது. இப்போது அங்கே விளக்கு எரிகிற போர்டு வைத்திருக்கிறார்கள். பேனர் கிழிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதை ஒத்தப்படத்திடம் நான் சொல்லவில்லை. கேள்வி மட்டும் தினமும் சாயங்காலம் வந்துவிடுகிறது.

நேற்று பதினொன்று என்று அனுப்பினேன். அதில் ஒருவர் கொஞ்ச தூரம் போய்விட்டு, பைக்கைத் திருப்பிக்கொண்டு வந்து பார்த்தார் என்றும் எழுதினேன்.